குளிர்காலத்துக்கு ஆயத்தமாதல்: தென் ஒன்ராறியோவில் பருவங்களோடு வாழும் முறை

வெப்ப நாட்டிலிருந்து தென் ஒன்ராறியோவில் வந்து குடியேறும் குடும்பத்துக்குக் குளிர்காலம் ஒரே தொல்லையாகத் தோன்றினாலும், குளிர், காற்று, ஈரம், வழுக்கல், வறட்சி, இருட்டு, வீட்டுக்குள் அடைபட்டிருத்தல் என வெவ்வேறு காரணங்களால் எழும் பல தொல்லைகள் நான்கைந்து மாதங்களுக்குள் நெருக்கமாக வந்து சேர்வதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல், தடித்த மேலங்கி ஒன்றை வாங்கிக்கொண்டதோடு ஆயத்தம் முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்கள், உடலில் குளிர் ஏறாத நாளிலும் சோர்வதையும் வழுக்கி விழுவதையும் தோல் வெடிப்பதையும் கண்டு, தங்களுக்கு இந்த நாடு ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த அத்தியாயம் ஒவ்வொரு தொல்லையையும் அதனதன் காரணத்தோடும் பரிகாரத்தோடும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, எந்தப் பருவம் நல்லது என்று தமிழர் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வாதத்தைக் கடைசியில் ஆராய்கிறது. பருவங்களில் ஒன்றை விரும்புவதும் மற்றொன்றை வெறுப்பதும் பெரும்பாலும் வானிலையால் அமைவதில்லை, அந்தப் பருவத்துக்கு ஒருவர் செய்துகொண்ட ஏற்பாட்டால் அமைகின்றன என்பது இதன் அடியில் ஓடும் கருத்து.

வெப்பமானியும் காற்றும்

யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ரொறன்ரோவில் ஜனவரி மாதத்தில் பகலின் உச்ச வெப்பநிலை சராசரியாக உறைநிலையை ஒட்டி மைனஸ் 1 அல்லது 2 பாகையாகவும், இரவில் மைனஸ் 9 பாகை அளவிலும் இருக்கும். நகரின் விமான நிலையத்தில் 1981 ஜனவரி 4 அன்று மைனஸ் 31.3 பாகை பதிவானது. ஆயினும் அத்தகைய நாட்கள் அங்கு விதிவிலக்கு. வினிப்பெக் நகரத்தின் ஜனவரிச் சராசரியே ஏறத்தாழ மைனஸ் 16 பாகை என்பதையும், வன்கூவரில் அதே மாதத்தின் சராசரி உறைநிலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "கனடாக் குளிர்" என்று ஒன்றைப் பொதுவாகச் சொல்வதில் பொருள் அதிகமில்லை என்பது விளங்கும். வினிப்பெக்கில் இருக்கும் உறவினர் தரும் அறிவுரை ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்கு மிகையாகவும், வன்கூவர்க்காரரின் அறிவுரை ஆபத்தாகவும் முடியக்கூடும்.

வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்கு அருகே வரும் இன்னொரு எண் காற்றுக்குளிர்ச் சுட்டெண் ஆகும். மனித உடலைச் சுற்றி உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலம் அடித்துச் செல்லப்படுவதால் தோல் விரைவாக வெப்பத்தை இழக்கிறது. இழக்கும் வேகத்தை, காற்றில்லாத நாளில் எத்தனை பாகைக் குளிருக்குச் சமம் என்று கணக்கிட்டுச் சொல்வதே இந்தச் சுட்டெண். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் சுட்டெண் மைனஸ் 20 ஆகும். மைனஸ் 20 பாகையில் அதே காற்று வீசினால் மைனஸ் 33 ஆகும். சுட்டெண் மைனஸ் 28ஐத் தொட்டால் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடங்களே போதும். பேருந்து பத்து நிமிடம் பிந்துவது வழமையான ஓர் ஊரில் இந்த எண்களுக்கு நடைமுறைப் பெறுமதி உண்டு. இந்தச் சுட்டெண் உயிருள்ள உடலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருக்கும்வரை, காற்று எவ்வளவு வீசினாலும் வாளியில் உள்ள நீர் உறையாது.

புதிதாக வந்தவர்கள் எதிர்பாராத உண்மை ஒன்று, வெயிலடிக்கும் வறண்ட மைனஸ் 10 பாகை நாளைவிட, உறைநிலையை ஒட்டிய ஈரமான நாள் அதிகத் துன்பம் தருவது. பாதிப் பனியும் பாதி மழையுமாக விழுவது உடையை நனைத்துவிட, நனைந்த உடை வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இதனிலும் கொடியது உறைமழை: மேலே வெப்பமான காற்று அடுக்கில் உருகி மழையாக மாறிய துளிகள், தரையை ஒட்டிய குளிர்ந்த அடுக்கைக் கடந்து வந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடுகின்றன. 2013 டிசம்பர் 21, 22 ஆம் தேதிகளில் பெய்த அத்தகைய மழையால் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழ, ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகள் நத்தாரைக் கடந்தும் இருட்டில் கிடந்தன.

உடையும் காலணியும்

குளிருக்கான உடையின் அடிப்படை விதி, ஒரு தடித்த உடையைவிடப் பல மெல்லிய உடைகள் சிறந்தவை என்பது. ஏனெனில் சூட்டைத் தேக்குவது துணி அல்ல, அடுக்குகளுக்கிடையே அகப்படும் அசையாத காற்று. உடலோடு ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும் என்பதால், மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் துணியாக இருக்க வேண்டும். வெப்ப நாடுகளில் உடலுக்கு இதமான பருத்திப் பெனியன் இங்கே வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து, வேலை முடிந்து பேருந்துக்காக நிற்கும்போது உடலைக் குளிரவைக்கிறது. இரண்டாம் அடுக்கு கம்பளியாகவோ பஞ்சுபோன்ற செயற்கைத் துணியாகவோ இருந்து வெப்பத்தைத் தேக்க, மூன்றாவது அடுக்கான மேலங்கி காற்றையும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். விரல்கள் தனித்தனியே இருக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒரே பையில் இருக்கும் கையுறை கூடுதல் சூட்டைத் தரும்.

மேலங்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைச் சப்பாத்துக்குத் திருப்புவது அறிவுடைமை. குளிர்காலத்தில் மருத்துவமனைக்குப் போகும் தமிழ் முதியவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி வழுக்கல். தடித்த அடியும் ஆழமான பள்ளங்களும் கொண்ட சப்பாத்து வழுக்காது என்ற பொது எண்ணம் பெரும்பாலும் பிழை. ரொறன்ரோ மறுவாழ்வு ஆய்வு நிலையத்தினர், சாய்க்கக்கூடிய பனிக்கட்டித் தளத்தில் மனிதர்களைப் பாதுகாப்புக் கச்சையோடு நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சரிவில் கால் வழுக்குகிறது என்று அளந்து, 2016ஆம் ஆண்டு 98 வகைச் சப்பாத்துகளின் முடிவுகளை வெளியிட்டபோது, 7 பாகைச் சரிவு என்ற குறைந்தபட்சத் தேர்விலேயே பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. 7 பாகைச் சரிவு என்பது நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்கும் சாய்தளம் போன்ற சாதாரண இறக்கமே. தேறியவற்றின் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கிறது. விலையையோ நிறுவனப் பெயரையோ பார்த்து வாங்குவதைவிட அதைப் பார்த்து வாங்குவது நல்லது. சப்பாத்துக்குள் கால்விரல்கள் அசைய இடம் வேண்டும் என்பதால், தடித்த காலுறையை அணிந்துகொண்டே அளவு பார்க்க வேண்டும். இறுகிய சப்பாத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கால் விறைக்கும்.

நடையிலும் மாற்றம் தேவை. வீதியின் நிறமே தெரியும்படி தார்மேல் மெல்லிய படலமாக உறைந்துகிடக்கும் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. ஈரம்போல் பளபளப்பதே அதன் ஒரே அடையாளம். அத்தகைய தரையில் கைகளைச் சட்டைப்பையில் வைக்காமல், குறுகிய அடிகளாக, உடலின் எடை முன்காலின்மேல் நிற்கும்படி முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்க வேண்டும். வாசலில் தூவும் உப்பு பனிக்கட்டியை உருக்குவது உண்மையே என்றாலும், வெப்பநிலை மைனஸ் 10 பாகையைத் தாண்டி இறங்க இறங்கச் சாதாரண உப்பின் வேகம் குறைந்துவிடுவதால், கடுங்குளிர் நாளில் மணலைத் தூவுவதே பயன்தரும். தோற்சப்பாத்தில் வெள்ளைக் கோடாகப் படியும் உப்புக்கறையை, வினாகிரி கலந்த நீரில் நனைத்த துணியால் அன்றைக்கே துடைக்காவிட்டால் தோல் வெடித்துவிடும்.

கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போகும் பெண்கள் சேலைக்குள் கணுக்கால்வரை நீளும் கம்பளி உள்ளாடையை அணிந்து, பனிச் சப்பாத்தோடு போய், மண்டப வாசலில் செருப்புக்கு மாறிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. வாகனத்திலிருந்து வாசல்வரைதானே என்று செருப்போடு இறங்குபவர்களே வாகனத் தரிப்பிடத்தில் விழுகிறார்கள். கோயிலின் காலணி அறையில் பனி உருகித் தரை நனைந்திருக்கும் என்பதால், மாற்றுக் காலுறை ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பது வீண்போகாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இரு எச்சரிக்கைகள் முக்கியமானவை. தடித்த குளிரங்கியோடு குழந்தையை வாகன இருக்கையில் வைத்துப் பட்டியைப் பூட்டினால், மோதலின்போது அங்கியின் பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்து குழந்தை வெளியே எறியப்படக்கூடும். ஆகவே மெல்லிய உடையோடு பட்டியைப் பூட்டிவிட்டு, அதன்மேல் போர்வையையோ அங்கியையோ போர்த்த வேண்டும். கழுத்தில் சுற்றும் நீண்ட சால்வை, விளையாட்டுத் திடலில் எங்காவது சிக்கி இறுகும் அபாயம் உள்ளதால், சிறுவர்களுக்குக் குழாய் வடிவக் கழுத்துறையே ஏற்றது. கனடியப் பாடசாலைகளில் மிகக் கடுங்குளிர் நாள் தவிர மற்றெல்லா நாட்களிலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புவார்கள். அதனால் பனிக்காற்சட்டையும், பெயரெழுதிய இரண்டாவது சோடிக் கையுறையும் ஆடம்பரமாகா. பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வெளியே விடவேண்டாம் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் பெற்றோர், தம் பிள்ளையைக் கூட்டத்திலிருந்து பிரித்துவைக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும். சளியைத் தருவது கிருமி, குளிர்காற்று அன்று.

தோல் உறைதல் என்பது தோலும் அதனடியிலுள்ள தசையும் குளிரால் உறைந்து சேதமடைவது. தோல் வெளிறுவதே இதன் முதல் அடையாளம் என்று கையேடுகள் கூறினாலும், கருநிறத் தோலில் அது எளிதில் புலப்படாது என்பதால், எரிச்சலைத் தொடர்ந்து வரும் மரத்துப்போதலையே தமிழர்கள் அடையாளமாகக் கொள்ள வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவோ, நெருப்பின் அருகே காட்டவோ கூடாது. 37 முதல் 39 பாகைவரையிலான வெதுவெதுப்பான நீரில் வைத்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கும் உடற்குளிர்வு இதைவிட ஆபத்தானது: நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, குழப்பம் தோன்றினால் 911ஐ உடனே அழைக்க வேண்டும்.

வீட்டினுள்

நிலக்கீழ்த் தளங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் புதியவர்கள், வீடு குளிர்வதைத் தம் விதியென ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ரொறன்ரோ நகர விதியின்படி குளிர்மாதங்களில் வாடகை வீட்டின் வெப்பநிலை 21 பாகைக்குக் குறையாதவாறு வைத்திருப்பது வீட்டுரிமையாளரின் கடமை. குறைந்தால் 311 என்ற நகரசபை எண்ணில் முறையிடலாம். முறையிடுவதற்குமுன் சாதாரண வெப்பமானி ஒன்றை அறையின் நடுவில் வைத்து, நாளையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டுரிமையாளரும் தமிழராகவோ உறவினராகவோ இருந்துவிட்டால் கேட்பதில் கூச்சம் ஏற்படுவது இயல்புதான். ஆனாலும் குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

குளிர்கால வீட்டின் காற்று ஏன் வறண்டுபோகிறது என்பதை அறிவது பல சில்லறைத் தொல்லைகளைத் தீர்க்கும். மைனஸ் 10 பாகைக் காற்றால் மிகக் குறைந்த நீராவியையே தாங்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 பாகைக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்தளவுக்குச் சரிந்துவிடுகிறது. மூக்கில் இரத்தம் கசிவதும், குதிக்கால் வெடிப்பதும், கதவுப்பிடியைத் தொட்டால் மின்னதிர்ச்சி போன்று சுரீரென்பதும் இதன் விளைவுகள். கொதிநீரில் நீண்ட நேரம் குளித்தால் தோலின் எண்ணெய்ப்பசை மேலும் போய்விடும். குறுகிய நேரம் வெதுவெதுப்பான நீரில் குளித்து, தோலில் ஈரம் காயுமுன்னரே எண்ணெயையோ களிம்பையோ பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால், போத்தலைவிட வாயகன்ற சாடியே வசதி.

ஆனால் தமிழர் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் பெரும்பாலும் நேர்மாறான நிலையே காணப்படுகிறது. சோறு வடிப்பது, குழம்பு கொதிப்பது, உடுப்புக் காயப்போடுவது ஆகிய யாவும் அடைத்த சன்னல்களுக்குள் நடப்பதால், நீராவி குளிர்ந்த கண்ணாடியிலும் வெளிச்சுவரிலும் நீராகப் படிந்து, சில வாரங்களில் அலுமாரியின் பின்புறம் கரும்பூஞ்சணம் பூத்துவிடும். சமைக்கும்போதும், சமைத்து முடிந்து சில நிமிடங்களுக்கும் காற்றகற்றியை ஓடவிடுவதும், பெரிய தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைப்பதும் இதைத் தடுக்கும். மீன் பொரிக்கும் நாளில் மேலங்கிகளைக் கதவுள்ள அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது இங்கு வளர்ந்துவிட்ட ஒரு பழக்கம்; வாரக்கணக்கில் துவைக்கப்படாத அங்கி, பொரித்த வாசனையை அலுவலகம்வரை கொண்டுபோகும் என்பதை ஒருமுறை அறிந்தவர்கள் அதை மறப்பதில்லை.

தோசை மா புளிப்பதற்கு 30 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும் என்பதால், இரவு முழுதும் சமையலறையில் வைத்தாலும் அது பொங்காமல் கிடப்பது குளிர்காலத்தின் வழமையான முறைப்பாடு. மின்சூளையை மூட்டாமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாப்பாத்திரத்தை உள்ளே வைத்தால், அந்த விளக்கின் சூடே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். காலையில் வேறொருவர் உள்ளே பாராமல் சூளையை மூட்டிவிடாதபடி திருகியின்மேல் ஒரு துண்டுக்காகிதம் ஒட்டிவைப்பது இந்த முறையின் பிரிக்கமுடியாத பகுதி.

உயிராபத்து விளைவிக்கும் தவறு ஒன்றைத் தனியே சொல்லியாக வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாளில் கரி அடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டுக்குள்ளும் வாகனக் கொட்டகையிலும் இயக்குவதால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு தேங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 2013 உறைமழையின்போது ஒன்ராறியோவில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்தன. எரிபொருளால் இயங்கும் வெப்பமூட்டி உள்ள வீடுகளில் இவ்வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. சாம்பிராணிக்குக் கரி மூட்டும்போது தொந்தரவாக அலறுகிறதே என்று அதன் மின்கலத்தைக் கழற்றிவைப்பதைவிடச் சாம்பிராணியைக் கைவிடுவது மேல்.

வெளிவாசல் பனியை வாருவது உடற்பயிற்சிபோல் தோன்றினாலும், இதயத்துக்கு அது திடீர்ச் சுமை. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் கைகளால் பாரம் தூக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுகிறது. கடும் பனிப்பொழிவை அடுத்து ஆண்களிடையே மாரடைப்புக் கூடுவதைக் கியூபெக் மாகாணத்தின் பல்லாண்டு மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. தென்னாசியரிடையே இதயநோய் ஒப்பீட்டளவில் இளவயதிலேயே தோன்றுவதையும் சேர்த்து நோக்கினால், நாற்பதைக் கடந்தவர்கள் பனியைத் தூக்கி எறியாமல் தள்ளி ஒதுக்குவதும், கொட்டி முடியும்வரை காத்திராமல் இடையிடையே வாருவதும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் அப்பணியை மற்றவரிடம் விடுவதும் அவசியமாகின்றன.

வாகனமுடையவர்கள் குளிர்காலச் சக்கரங்களுக்கு மாற வேண்டும். சாதாரணச் சக்கரத்தின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகிப் பிடிமானத்தை இழப்பதால், பனி விழும்வரை காத்திருப்பது பிழை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவை கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்றாலும், இவற்றைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு வழங்க நிறுவனங்கள் 2016 முதல் கடமைப்பட்டுள்ளன. பனியில் சிக்கி வாகனத்துக்குள் காத்திருக்க நேர்ந்தால், புகைபோக்கியின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தை ஓடவிட வேண்டும்.

இருட்டு

குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். இருட்டைப் பற்றி எச்சரிப்பவர் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரொறன்ரோவில் ஜூனில் பதினைந்தரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பர் 21ஐ ஒட்டி 9 மணி நேரமாகச் சுருங்குகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளியதும் மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிட, தொழிற்சாலையில் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புகுபவர் வாரநாட்களில் சூரியனையே காண்பதில்லை.

இதனால் விளையும் சோர்வுக்கு மருத்துவத்தில் பருவகால மனச்சோர்வு என்று பெயர். அமெரிக்க மனநல ஆய்வாளர் நோர்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984இல் இதை முதன்முதலில் விரிவாக விவரித்தார்கள். அளவுமீறிய உறக்கம், இனிப்பிலும் மாப்பொருளிலும் அடங்காத நாட்டம், ஆட்களைச் சந்திக்க விருப்பமின்மை ஆகியவை ஆண்டுதோறும் அதே காலத்தில் தோன்றி, வசந்தத்தில் நீங்குவது இதன் இயல்பு. இதைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவதால் பயனில்லை. வழமையான வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் ஒளியையே தருகிறது, ஆனால் மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஆகவே மதிய இடைவேளையில் அரைமணி நேரம் வெளியே நடப்பது முதல் மருந்து. அது இயலாதவர்கள் 10,000 லக்ஸ் தரும் சிகிச்சை விளக்கின்முன் காலையில் அரைமணி நேரம் அமரலாம். கண்ணோய் உள்ளவர்களும், மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே இதைப் பயன்படுத்த வேண்டும்.

வெயிலால் தோலில் உருவாகும் விற்றமின் டி, ரொறன்ரோவின் அகலாங்கில் நவம்பர் முதல் பெப்ரவரிவரை ஏறக்குறைய உருவாவதே இல்லை. கருநிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெயில் படவேண்டும். இக்காரணத்தாலேயே கனடாவில் பாலில் இந்த விற்றமினைச் சேர்ப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைகளுக்கும், 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் நாளொன்றுக்கு 400 அலகு கொண்ட மாத்திரையையோ துளிமருந்தையோ அரசின் உணவு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது.

எந்தப் பருவம் நல்லது?

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழ் மரபில் தப்பிக்க வேண்டிய பருவம் முதுவேனில். மழையும் தண்மையும் காத்திருந்து வரவேற்கப்படுபவை. நண்பகல் வெயிலில் பிள்ளைகளை வெளியே விடாமல் வளர்த்த அதே பாட்டி, ஸ்காபுறோவில் மே மாத வெயிலுக்காகப் படிக்கட்டில் நாற்காலியைப் போட்டு அமர்வது, விருப்பம் எவ்வளவு விரைவாக இடம்மாறக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

இங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் கோடைக்கே முதலிடம் தருவார்கள். கோயில் தேர்த் திருவிழாக்களும், பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடல்களும், மார்க்கம் வீதியில் ஓகஸ்ட் மாத இறுதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவும், திருமணங்களும் ஜூனுக்கும் செப்ரெம்பருக்கும் இடையே நெருக்கியடிக்கின்றன. அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் ஒரு சனிக்கிழமைகூட மிஞ்சாமல் களைத்துப்போகிறவர்களும் கோடையையே புகழ்கிறார்கள். இலையுதிர்காலத்தை அதன் மேப்பிள் நிறங்களுக்காக விரும்புபவர்கள் அடுத்த இடத்தில் நிற்கிறார்கள். அக்ரோபர் வெயில் இதமானது, பூச்சிகள் இல்லை, நடப்பதற்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது என்பதால், அவர்களின் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. வசந்தம் பெயருக்கேற்ப நடந்துகொள்வதில்லை. மார்ச்சும் ஏப்ரலும் பெரும்பாலும் சேறும், உருகிய பனியின் அடியிலிருந்து தலைகாட்டும் குப்பையுமாகவே கழிகின்றன. பெப்ரவரி 2 அன்று வயார்ட்டன் என்ற ஊரில் வில்லி என்ற நிலவணிலை வெளியே கொண்டுவந்து, அது தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்று மாகாணமே வேடிக்கையாக நம்புவது, அந்தக் காத்திருப்பின் அலுப்பைப் போக்கும் ஒரு வழி.

ஆனால் முறைப்பாடுகள் எந்த மாதத்தில் மிகுகின்றன என்று கவனித்தால், அது மிகக் குளிரான ஜனவரியாக இருப்பதில்லை. நவம்பரும் மார்ச்சுமே அந்த இடத்தைப் பிடிக்கின்றன. நவம்பரில் பனியின் வெண்மை இன்னும் வந்துசேராமல் இருட்டு மட்டும் வந்துவிடுகிறது. மார்ச்சில் குளிர் குறைந்தாலும் பொறுமை அதற்குமுன்பே தீர்ந்துவிடுகிறது. ஜனவரிக்கு அந்தக் கெட்ட பெயர் வராமைக்குக் காரணம், அதில் செய்வதற்கு வேலை இருப்பதே. ஒன்ராறியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றுக்கொண்டமையால், தைப்பொங்கலை ஒட்டிய விழாக்கள் ஆண்டின் மிகக் குளிரான வாரங்களில் மண்டபங்களை நிரப்புகின்றன. முற்றத்தில் அடுப்பு மூட்ட முடியாவிட்டாலும், சமையலறை அடுப்பில் பால் பொங்குவதற்குக் குறைவில்லை.

ஆகவே நவம்பருக்கும் மார்ச்சுக்கும் திட்டமிட்டு வேலை வைப்பதே குளிர்கால ஏற்பாட்டின் கடைசிப் பகுதி. குழந்தைகள் குளிர்காலத்தை விரும்புவதும், பெற்றோர் சன்னலினூடாக அதை வெறுப்பதும் ஒரே வீட்டில் நிகழ்வதற்குக் காரணம், குழந்தைகளுக்குச் சறுக்குப் பலகையும் பனிமேடும் இருப்பதும் பெற்றோருக்கு ஒன்றும் இல்லாதிருப்பதுமே. நகரசபையின் திறந்தவெளிச் சறுக்குத் தளங்களில் நுழைவு இலவசம். சறுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் மட்டும் வேண்டும். அந்த வயதைக் கடந்தவர்களுக்கு, காலையில் கடைகள் திறக்குமுன்னரே நடப்பதற்காகத் திறந்துவிடப்படும் வணிக வளாகங்கள் இருக்கின்றன. ரொறன்ரோ பொது நூலகத்தின் 100 கிளைகளில் தமிழ் நூல்கள் வைத்திருப்பவற்றைத் தேடிப் போய் வருவதும் அரைநாளுக்கு ஈடாகும். பிள்ளைகள் அழைத்து வந்த வயதான பெற்றோரைப் பகல் முழுதும் தொலைக்காட்சியின்முன் விட்டுச்செல்லும் வீடுகளில், பேருந்தில் தனியே ஏறவும், கட்டண அட்டையைப் பயன்படுத்தவும் அவர்களுக்குக் கோடையிலேயே பழக்கிவிடுவது, வேறெந்தக் குளிர்கால ஆயத்தத்தையும்விட அதிகம் பயன்தரும். பனி விழத் தொடங்கிய பின் கற்றுக்கொடுப்பது கடினம்.

மேலங்கிகளையும் சப்பாத்துகளையும் அடுத்த ஆண்டுக்கென வாங்குவதற்கு உகந்த காலம், கடைகள் பாதி விலைக்கு இறங்கும் பெப்ரவரிப் பின்பகுதி. வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அளவு கூட்டி வாங்க வேண்டும். வாங்கியவற்றை மார்ச் மாத இறுதியிலேயே மூட்டை கட்டி நிலக்கீழ்த் தளத்தில் போட்டுவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 15 ஆம் தேதிகளில், சித்திரைப் புத்தாண்டன்று, தென் ஒன்ராறியோவை உறைமழைப் புயல் தாக்கியது. குளிர்காலச் சக்கரங்களையும் பிடிமானமுள்ள சப்பாத்தையும் ஏப்ரல் மாதம் முடியும்வரை கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதே ஊரில் பழகியவர்களின் வழக்கம்.